வலியில்லாப் புண்

காலில் முள் தைத்தால் வலிக்கிறது. வலியைப் பகையென்று எண்ணுவோர் பலர். உண்மையில் அஃது உடலைக் காக்கும் காவலாளியே ஆகும். அக்காவலாளி உறங்கிவிட்டால் நேரும் தீங்கிற்குப் புரூலிப் புண் என்னும் நோய் தக்க சான்றாகும்.

உகாண்டா நாட்டிலுள்ள புரூலி என்னும் வட்டாரத்தில் ஒருகாலத்தில் மிகுதியாகக் காணப்பட்டமையால் இந்நோய் அப்பெயர் பெற்றது. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளிலும் ஆஸ்திரேலியாவிலும் இது காணப்படுகிறது. ஆப்பிரிக்காவில் இந்நோயுற்றோருள் ஏறக்குறையப் பாதிப்பேர் 15 வயதிற்குட்பட்ட சிறுவர் ஆவர். இதனை உண்டாக்கும் கிருமியை ஆஸ்திரேலிய மருத்துவ அறிஞர்கள் 1948ஆம் ஆண்டில் விளக்கியுரைத்தனர். அது காசநோய்க் கிருமிக்கு உறவுடையது. உடலின் உள்வெப்பத்தினும் குறைந்த வெப்பத்தில் நன்கு வளர்வதாதலின், அது தோலையே பெரிதும் பற்றுகிறது.

இக்கிருமி ஒருவகை நஞ்சைச் சுரக்கிறது. அந்நஞ்சு தோலையும் அதன் அடியிலுள்ள கொழுப்பையும் அழிக்கிறது. கிருமியை எதிர்க்க வரும் வெள்ளை அணுக்களை அடக்குகிறது. வலியுணர்ச்சியையும் மழுங்கச் செய்கிறது. முதலில் சிறு கட்டி தோன்றும். நாளடைவில் அஃது உடைந்து அகன்ற புண்ணாகும். வலி இன்மையால் சிறுவன் ஓடி விளையாடுகிறான். பெற்றோரும் வாளா இருந்துவிடுகின்றனர்.

முற்காலத்தில் புண்ணை அறுத்து அகற்றுவதே முதன்மையான மருத்துவமாக இருந்தது. 2004ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் ரிபாம்பிசின், ஸ்டிரெப்டோமைசின் என்னும் இரு மருந்துகளை எட்டு வாரம் கொடுக்குமாறு பரிந்துரைத்தது. எனினும், ஸ்டிரெப்டோமைசினை நாள்தோறும் ஊசி வழியே செலுத்த வேண்டும். அது செவிப்புலனையும் கெடுக்கக் கூடும். எனவே கானா, பெனின் ஆகிய நாடுகளில் மற்றொரு முறை ஆராயப்பட்டது. ஊசிக்கு மாற்றாகக் கிளாரித்ரோமைசின் என்னும் மருந்தை வாய்வழியே கொடுத்தனர். அதுவும் ஒத்த பயனைத் தந்தது. இன்று அம்முறையே பரிந்துரைக்கப்படுகிறது.

மருந்து புண்ணை நேரே மூடுவதில்லை. அது கிருமியை அழிக்கிறது; நஞ்சு ஊறுவது நிற்கிறது; அதன்பின் உடலே புதிய தசையையும் தோலையும் வளர்த்துக்கொள்கிறது. இதற்குப் பல திங்கள் செல்லலாம். அதுவரை புண்ணைத் தூய்மை செய்து கட்டி வருதல் இன்றியமையாதது.

கட்டியாக இருக்கும்போதே வருவோர் பெரும்பாலும் அறுவை இன்றியே நலம் பெறுகின்றனர். காலந்தாழ்த்தி வருவோர்க்கு நோய் நீங்கினும், தழும்பு இறுகிக் கைகால்கள் மடங்காமற் போதல் உண்டு. நோவில்லை என்பதனால் நோயில்லை என்று ஆகிவிடாது. ஆறாத புண் எதுவாயினும் உடனே மருத்துவரிடம் காட்டுவதே அறிவுடைமையாகும்.