குடிபோதையும் ஓட்டுநர் உரிமமும்

மோட்டார் வாகனம் இல்லாத கிராமத்தை இன்று காண்பது அரிது. விளைபொருளைச் சந்தைக்கு ஏற்றிச் செல்லும் சரக்கு வண்டி, உழவுக்குச் செல்லும் டிராக்டர், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு வரும் ஆட்டோ ஆகியவற்றை ஓட்டியே பல குடும்பங்கள் பிழைக்கின்றன. இக்குடும்பங்களுக்கு ஓட்டுநர் உரிமம் விளைநிலம் போன்றது. மது அருந்திவிட்டு வண்டி ஓட்டினால் அவ்வுரிமம் எவ்வாறு கைவிட்டுப் போகிறது என்பதை ஈண்டு விளக்க விரும்புகிறோம்.

100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் மதுச்சத்து இருக்க ஒருவர் வண்டி ஓட்டினால், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவின்படி அது குற்றமாகும். மூச்சுப் பரிசோதனைக் கருவி இதனைக் காட்டிவிடும். அளவு மிகுந்திருப்பின், "நான் நிதானத்துடன்தான் இருந்தேன்" என்னும் வாதம் பயன்படாது. இருசக்கர வண்டியானாலும் டிராக்டரானாலும் சட்டம் ஒன்றே. முதல் முறை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மறுமுறை செய்தால் சிறை இரண்டு ஆண்டு வரையிலும், அபராதம் 15,000 ரூபாயாகவும் உயரும்.

அபராதத்தைக் கட்டிவிட்டால் தீர்ந்தது என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, காவல் அதிகாரி உரிமத்தைக் கைப்பற்றி, அதனை வழங்கும் அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். அப்போது ஓர் ஒப்புகைச் சீட்டுத் தரப்படும். அச்சீட்டைக் காட்டி வண்டி ஓட்டலாம் என்று கருதி ஏமாறுவோர் உண்டு. உரிமம் திரும்பக் கிடைக்கும்வரை அச்சீட்டு வண்டி ஓட்ட அனுமதி தருவதன்று.

பின்னர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். அதனை அலட்சியம் செய்யலாகாது. தம் தரப்பைக் கூறுவதற்குச் சட்டம் அளிக்கும் வாய்ப்பு அதுவே. குற்றம் உண்மை என்று அதிகாரி தெளிந்தால், முதல் முறைக்கு மூன்று மாதம் ஓட்டும் தகுதியை நீக்கலாம். மறுமுறைக்கு உரிமத்தையே ரத்துச் செய்யலாம். ஆணை கிடைத்த 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்துகொள்ளலாம். தகுதி நீக்கக் காலம் முடிந்தபின், புத்தாக்கப் பயிற்சியை நிறைவு செய்தவருக்கே உரிமம் திரும்பக் கிடைக்கும்.

தகுதி நீக்கப்பட்ட காலத்தில் வண்டி ஓட்டுவது தனிக் குற்றம். அதற்கு மூன்று மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். தெரிந்தே வண்டியைக் கொடுக்கும் உரிமையாளரும் தண்டனைக்கு உள்ளாவார்.

கூலிக்கு ஓட்டுபவருக்கு மூன்று மாதம் என்பது மூன்று மாத வருமானம். பிள்ளையின் படிப்பும் வட்டித் தவணையும் அதில் அடங்கும். எனினும் உயிரிழப்பை நோக்க இவ்விழப்பு சிறிதே. திருவிழாவோ திருமணமோ, மது அருந்தியவரிடம் சாவியைக் கொடாதிருப்பது வீட்டாரின் கடமை. அவரை வேறொருவர் வண்டியில் அனுப்பி வைப்பது நண்பரின் கடமை. இவ்வழக்கம் ஊர்தோறும் வேரூன்றுமாயின், நம் சாலைகளிலும் இல்லங்களிலும் அமைதி நிலைக்கும் என்பது திண்ணம்.