வீட்டுக் கணிப்பொறியும் பயனர் கணக்கும்

கணிப்பொறி இன்று நகரத்தாருக்கு மட்டும் உரிய பொருளன்று. 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. அது முதல் உழவர் குடும்பங்கள் பலவற்றிலும் இக்கருவி இடம் பெற்றுவிட்டது. பிள்ளைகளின் படிப்பிற்கென வந்த பொருள், இப்போது பட்டா நகல் எடுக்கவும், விண்ணப்பம் அனுப்பவும், வரவு செலவு எழுதவும் பயன்பட்டு வருகிறது.

கிராமங்களுக்குச் செல்லும்போது நாம் அடிக்கடி கேட்கும் குறை ஒன்று உண்டு. "கணிப்பொறி எங்களை உள்ளே விடமாட்டேன் என்கிறது" என்பதே அது. இந்நிலையில் பலர் செய்வது யாது? கருவியைப் பழுது பார்க்கும் கடைக்கு எடுத்துச் செல்கின்றனர். கடைக்காரர் வட்டு முழுவதையும் அழித்து, விண்டோஸைப் புதிதாக ஏற்றித் தருகிறார். கருவி மீண்டும் இயங்கும். ஆனால் அதில் இருந்த நிலப் பத்திரத்தின் நகலும், பிள்ளைகளின் சான்றிதழ்களும், திருமணப் படங்களும் மறைந்துவிடும். பெரும்பாலான வேளைகளில் இந்நஷ்டம் தவிர்க்கக்கூடியதே.

கணக்கு என்பது என்ன?

கூட்டுக் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டியும் சாவியும் இருப்பது போன்றதே பயனர் கணக்கு. அவரவர் கோப்புகளும் அமைப்புகளும் அவரவர் கணக்கில் தனித்தனியே இருக்கும். கணக்குகளில் நிர்வாகிக் கணக்கு, சாதாரணக் கணக்கு என இருவகை உண்டு. நிர்வாகியானவர் பத்தாயத்துச் சாவியை வைத்திருக்கும் குடும்பத் தலைவரைப் போன்றவர். புதிய மென்பொருளை ஏற்றுவதும், பிறர் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றுவதும் அவரால் இயலும். சாதாரணக் கணக்கினர் தம் வேலையை மட்டும் செய்துகொள்ளலாம்.

கடவுச்சொல் ஏற்கப்படாவிடில்

முதலில் விசைப்பலகையைக் கவனித்தல் வேண்டும். காப்ஸ் லாக் விசை அழுந்தியிருந்தால் சிறிய எழுத்துக்கள் பெரிய எழுத்துக்களாகிவிடும். நம் லாக் அணைந்திருந்தால் வலப்புற எண் விசைகள் எண்களைத் தாரா. தமிழில் தட்டச்சு செய்யும் வீடுகளில் மற்றொரு காரணமும் உண்டு. விசைப்பலகை தமிழுக்கு மாறியிருப்பின், சரியான விசைகளைத் தட்டினும் பிழையான சொல்லே பதியும். விண்டோஸ் விசையை அழுத்தியவாறு இடைவெளி விசையைத் தட்டினால் மொழி மாறும். கடவுச்சொல் பெட்டியின் ஓரத்தில் தோன்றும் கண் வடிவக் குறியை அழுத்தினால், தட்டிய எழுத்துக்களைப் பார்த்தறியலாம்.

பின் எண்ணும் கடவுச்சொல்லும் ஒன்றல்ல என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். பின் எண் அந்த ஒரு கருவிக்கு மட்டுமே உரியது. எண்ணை மறந்தவர்கள் உள்நுழைவு வழிகள் என்னும் குறியைத் தேர்ந்து கடவுச்சொல்லால் நுழையலாம்.

பதற்றத்தில் பலமுறை தட்டுதல் கூடாது. 2022-ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 11 பதிப்பு முதல், புதிதாக நிறுவப்பட்ட கணிப்பொறிகளில் 10 முறை பிழை நேர்ந்தால் கணக்கு 10 நிமிடம் பூட்டிக்கொள்ளும். அது பழுதன்று, காவல் ஏற்பாடேயாகும்.

கடவுச்சொல் மறந்துபோயின்

இங்குக் கணக்கின் தன்மையை அறிவது அவசியம். மின்னஞ்சல் முகவரி கொடுத்துத் தொடங்கப்பட்டது மைக்ரோசாஃப்ட் கணக்கு. அதன் கடவுச்சொல்லை, கைப்பேசியிலிருந்தே மைக்ரோசாஃப்ட் இணையதளத்தில் மாற்றிக்கொள்ளலாம். பின்னர், கணிப்பொறியை இணையத்துடன் இணைத்து, புதிய சொல்லால் நுழைய வேண்டும். மாற்றுவதற்கான குறியெண், முன்பு பதிந்த கைப்பேசி எண்ணிற்கோ மாற்று மின்னஞ்சலுக்கோதான் வரும். சிம் அட்டையை அடிக்கடி மாற்றுவோர் இங்கேதான் இடர்ப்படுகின்றனர். பதிந்த பாதுகாப்பு விவரங்கள் அனைத்தையும் மாற்றக் கோரினால் 30 நாட்கள் காத்திருக்க நேரும். ஆகவே எண் மாறியவுடன் கணக்கிலும் மாற்றிவிடுதல் நலம்.

பெயர் மட்டும் கொடுத்துத் தொடங்கப்பட்டது உள்ளகக் கணக்கு. 2018-ஆம் ஆண்டு முதல் விண்டோஸ் 10-இலும் அதன் பின் வந்த பதிப்பிலும், இவ்வகைக் கணக்கிற்கு மூன்று பாதுகாப்புக் கேள்விகளை அமைக்க இயலும். பிழையான சொல்லைத் தட்டியதும் தோன்றும் மீட்டமைப்பு வழியில் சென்று, அக்கேள்விகளுக்கு விடையளித்துப் புதிய சொல்லை இட்டுக்கொள்ளலாம். கேள்விகள் அமைக்கப்படாவிடில், வீட்டிலுள்ள மற்றொரு நிர்வாகிக் கணக்கிலிருந்து மாற்றலாம். இவ்விதம் மாற்றினால் மறையாக்கம் செய்த கோப்புகளும் சேமித்து வைத்த இணையக் கடவுச்சொற்களும் கைவிட்டுப் போகக்கூடும் என்பதை அறிந்து செய்ய வேண்டும்.

நுழைந்தும் கோப்புகள் தெரியாவிடில்

சில வேளைகளில் கடவுச்சொல் ஏற்கப்படும். ஆனால் திரை வெறுமையாகத் தோன்றும். கோப்புகள் அழிந்துவிட்டன என்று அஞ்ச வேண்டுவதில்லை. பயனர் சுயவிவரத்தைத் திறக்க இயலாத விண்டோஸ், தற்காலிகச் சுயவிவரம் ஒன்றைத் தந்திருக்கக்கூடும். மின்தடையால் கணிப்பொறி திடீரென நிற்பதும், வட்டில் இடம் நிறைந்துவிடுவதும் இதற்குக் காரணங்களாகலாம். இந்நிலையில் புதிதாக எதையும் எழுதிச் சேமித்தல் கூடாது. வெளியேறியதும் அது மறைந்துவிடும். கருவியை முறைப்படி நிறுத்தி மீண்டும் தொடங்கிப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று முறை செய்தும் பயனில்லையாயின், நிர்வாகிக் கணக்கிலிருந்து புதிய கணக்கொன்றைத் தொடங்கலாம். சி வட்டிலுள்ள பயனர் கோப்புறையில் பழைய பெயரைத் தேடி, ஆவணங்களையும் படங்களையும் புதிய கணக்கிற்குப் படியெடுக்கலாம்.

நெடுநாள் பயன்படுத்தாத கணிப்பொறியில் தேதி பின்தங்கியிருந்தாலும் இணையவழி நுழைவு தடைப்படும். தேதியைத் திருத்த வேண்டும். மீண்டும் மீண்டும் தவறினால், தாய்ப்பலகையிலுள்ள காசு வடிவ மின்கலத்தை மாற்ற வேண்டும்.

முன்னெச்சரிக்கைகள்

வெள்ளம் வருமுன் அணை போடுதல் அறிவுடைமை. ஆகவே கீழ்க்கண்டவற்றை இன்றே செய்தல் வேண்டும்:

1. வீட்டில் நிர்வாகிக் கணக்குகள் இரண்டு இருக்கட்டும். அன்றாட வேலைக்கும் பிள்ளைகளுக்கும் சாதாரணக் கணக்கே போதும்.

2. கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, நிலப் பத்திரங்களுடன் பெட்டியில் வைக்கவும். கருவியின் மீது ஒட்டுதல் வேண்டா.

3. வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருப்பின், அதன் 48 இலக்க மீட்பு எண்ணையும் எழுதி வைக்கவும். அது இல்லையேல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாராலும் அவ்வட்டைத் திறந்து தர இயலாது.

4. முக்கியமான கோப்புகளின் படியொன்றைத் தனி வட்டில் மாதந்தோறும் எடுத்து வைக்கவும்.

5. கடைக்குக் கொடுக்குமுன், "கோப்புகளைப் படியெடுக்காமல் அழிக்கக் கூடாது" என்று தெளிவாகக் கூறவும்.

6. கணக்கைச் சரிசெய்வதாகத் தாமே தொலைபேசியில் அழைப்போரிடம் கடவுச்சொல்லையோ ஒருமுறைக் குறியெண்ணையோ கூறலாகாது. பணம் இழந்தோர் தாமதமின்றி 1930 என்னும் எண்ணில் முறையிட வேண்டும்.

ஊராட்சி உறுப்பினர்கள் இப்பணியில் பேருதவி புரியலாம். ஊரிலுள்ள படித்த இளைஞர்களைக் கொண்டு, நூலகத்திலோ சமுதாயக் கூடத்திலோ மாலை வேளையில் இவற்றைச் செய்து காட்டச் செய்யலாம். இதற்குப் பெரும் செலவு வேண்டுவதில்லை. விதைநெல்லைப் பேணத் தெரிந்த நம் உழவர் பெருமக்களுக்கு, ஒரு கடவுச்சொல்லைப் பேணுதல் அரிய செயலன்று.