ஒரு பைசாவுக்காக ஏன் உயிரைக் கொடுத்தார்கள்?

பனமரத்துப்பட்டி பக்கம் ஒரு விவசாயியிடம் "தண்ணி வரி எவ்வளவு கட்டுறீங்க?" என்று கேட்டால் சிரிப்பார். ஆத்துப் பாசனம் இருந்தால்தானே வரி! இங்கே அரளித் தோட்டமும் மரவள்ளிக் காடும் கிணத்தையும் போர்வெல்லையும் நம்பித்தான் இருக்கின்றன.

தமிழ்நாட்டு விவசாயிகள் சங்க வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்தச் சிரிப்பு முக்கியம். காவிரி டெல்டாவில் அணையும் வாய்க்காலும் அரசு செலவு. தண்ணீருக்கான பங்கு நன்செய் நிலவரிக்குள்ளேயே அடங்கிவிடும், அதுவும் சொற்பம். கோவை, சேலம், நாமக்கல் மேட்டுக்காட்டில் கிணறு வெட்டுவதும் மோட்டார் வாங்குவதும் அவரவர் கடன். அதற்கு மேல் கரண்ட் பில். ஆக, இங்கே மின்கட்டணம்தான் தண்ணி வரி.

அதனால்தான் 1970-இல் யூனிட்டுக்கு ஒரு பைசா குறைக்கச் சொல்லி அவ்வளவு பெரிய போராட்டம். அந்த ஆண்டு ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் இறந்தார்கள். 1972-இல் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டு வண்டிகள் கோவை நகரத்தையே மறித்தன. அதே ஆண்டு நம்ம சேலம் மாவட்டத்துப் பெத்தநாயக்கன்பாளையத்திலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. 1984-இல் எம்.ஜி.ஆர். அரசு சிறு விவசாயிகளுக்கு மின்சாரத்தை இலவசமாக்கியது. 1989-இல் ஆட்சிக்கு வந்த கருணாநிதி அரசு அதை எல்லா விவசாயிகளுக்கும் விரிவாக்கியது.

கோரிக்கை நியாயமானது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கரண்ட் இலவசமான பிறகு, இன்னும் ஒரு மணி நேரம் மோட்டார் ஓட்டினால் கூடுதல் செலவு எதுவும் இல்லை. பக்கத்துக் காட்டுக்காரர் 1,000 அடி போட்டால் நம்ம கிணறு வத்திவிடும். நாமும் கடன் வாங்கி இறக்க வேண்டும், முடியாதவர் விவசாயத்தை விட வேண்டும். இலவச மின்சாரம் அவருக்கு எந்த உதவியும் செய்யாது. சேலம் மாவட்டத்தின் பல பகுதிகளை அரசே அதிநுகர்வுப் பகுதி என்று வகைப்படுத்தியிருக்கிறது.

கட்டுப்படுத்த 2003-இல் நிலத்தடி நீர்ச் சட்டம் ஒன்று வந்தது. நடைமுறைக்கே வராமல் 2013-இல் அதை ரத்து செய்தார்கள். 2020 மின்சாரத் திருத்த மசோதாவையும் சங்கங்கள் எதிர்த்தன, மாநில அரசும் எதிர்த்தது. மானியத்தை வங்கிக் கணக்கில் போடுகிறோம் என்றால், முதலில் பில்லைக் கட்டியாக வேண்டுமே என்ற பயம். அந்தப் பயத்தைத் தப்பு சொல்ல முடியாது.

குஜராத் 2003-இல் 'ஜோதிகிராம்' திட்டத்தில் வேறு வழியைப் பார்த்தது. விவசாயத்துக்குத் தனி மின்பாதை, குறிப்பிட்ட மணி நேரம் மட்டும், ஆனால் தடையில்லாத நல்ல கரண்ட்.

சங்கங்கள் மின்சாரத்துக்குப் போராடிய அதே வேகத்தில் ஏரிக்கும் போராட வேண்டும் என்பது என் கருத்து. மேட்டூர் உபரி நீரைச் சேலம் மாவட்டத்தின் 100 ஏரிகளுக்குக் கொண்டுபோகும் திட்டம் ஏற்கெனவே இருக்கிறது. சேலம் நகரின் குடிநீருக்காக 1911-இல் கட்டிய பனமரத்துப்பட்டி ஏரியில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்ததை நாம் பார்த்திருக்கிறோம். அந்த ஏரி நிறைந்தால் சுத்துப்பட்டு கிணறுகளில் தண்ணி ஊறும். கிணத்துல தண்ணி இருந்தாத்தானே இலவச கரண்ட்டுக்கு வேலை?