வெயிலும் புகைமூட்டமும் சேர்ந்தால் உடல் என்ன ஆகும்?

மலேசியாவில் இதுவரை பதிவான மிக அதிக வெப்பநிலை எவ்வளவு தெரியுமா? 40.1 டிகிரி செல்சியஸ். 1998 ஏப்ரல் 9ஆம் நாள், பெர்லிஸ் மாநிலத்தின் சுப்பிங் பகுதியில் பதிவானது. அதற்கு ஏழு மாதங்களுக்கு முன்பு, 1997 செப்டம்பரில், சரவாக் மாநிலத்தைப் புகைமூட்டம் மூடியது. கூச்சிங்கில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 839 வரை ஏறியது; அந்த மாநிலத்தில் அவசரகாலமும் அறிவிக்கப்பட்டது. குறியீடு 300ஐத் தாண்டினாலே காற்று ‘அபாயகரமான நிலை’யில் உள்ளது என்று பொருள்.

ஒன்று வெயில், மற்றொன்று புகை. ஆனால் இரண்டுக்கும் பின்னால் இருந்தது ஒரே காரணம்தான்: 1997-98ஆம் ஆண்டுகளின் கடுமையான எல் நினோ.

எல் நினோ காலத்தில் பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழக்கத்தைவிட அதிகமாகச் சூடாகின்றன. மழைமேகங்களும் அந்தப் பக்கமே நகர்கின்றன. நமது வட்டாரத்தில் மழை குறைகிறது, வெப்பம் கூடுகிறது. சுமத்ராவிலும் கலிமந்தானிலும் ‘தானா கம்புட்’ என்று மலாய்மொழியில் அழைக்கப்படும் சதுப்பு நிலங்கள் காய்ந்துபோகின்றன. இலை, கிளை, வேர் ஆகியவை முழுதாக மக்காமல் பல ஆயிரம் ஆண்டுகளாகப் படிந்து உருவான நிலம் இது. விவசாயத்திற்காகக் கால்வாய் வெட்டி நீரை வடித்துவிட்டால் அது விறகுபோல் ஆகிவிடும். நிலத்தைத் துப்புரவு செய்ய வைக்கும் தீ மண்ணுக்குள் இறங்கி, வாரக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். அந்தப் புகையைக் காற்று நம் பக்கம் தள்ளிக்கொண்டு வருகிறது.

வியர்வை செய்யும் வேலை

சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட நமது உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. வேகமாகக் காற்பந்து ஆடினால் இது ஆறு மடங்குக்கும் மேல் ஆகலாம். அந்த வெப்பம் வெளியேறாவிட்டால் உடல் வெப்பநிலை ஏறிக்கொண்டே போகும். அதைத் தடுக்கும் முக்கியக் கருவி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது.

இங்கே ‘ஆவியாகும்போது’ என்பதுதான் முக்கியச் சொல். சொட்டுச் சொட்டாகக் கீழே விழும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. காற்றில் ஏற்கெனவே ஈரப்பதம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாவது கடினம். அதனால்தான் வறண்ட பாலைவனத்தில் 40 டிகிரியைத் தாங்கும் ஒருவர், ஈரம் மிகுந்த நம் ஊரின் 34 டிகிரியில் திணறிப்போகலாம். காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலான நீராவியைத் தாங்கும். ஆகவே பருவநிலை மாற்றம் வெப்பமானியின் எண்ணை மட்டும் உயர்த்தவில்லை. வியர்வையின் வேலையையும் அது கெடுக்கிறது.

வியர்வை போதாதபோது சுமை இதயத்தின்மேல் விழுகிறது. உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியேற்ற, இரத்தம் தோலை நோக்கி அதிகமாகப் பாய வேண்டும். இதயம் வேகமாகத் துடிக்கிறது. நீர் இழப்பால் இரத்தத்தின் அளவும் குறைகிறது. உடல் வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டி, குழப்பமான பேச்சோ மயக்கமோ ஏற்பட்டால் அது ‘ஹீட் ஸ்ட்ரோக்’ எனும் வெப்பத் தாக்கு. உயிருக்கே ஆபத்தான நிலை அது.

புகை செய்யும் வேலை

புகைமூட்டத்தில் நமக்கு அதிகத் தீங்கு விளைவிப்பவை பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள்கள். இவற்றின் விட்டம் 2.5 மைக்ரோமீட்டர் அல்லது அதற்கும் குறைவு. ஒரு தலைமுடியின் குறுக்கே ஏறத்தாழ 30 துகள்களை வரிசையாக வைக்கலாம். மூக்கின் முடியும் சளியும் பெரிய தூசியைப் பிடித்துவிடும். நுண்துகள்களோ நுரையீரலின் காற்றுப் பைகள் வரை சென்றுவிடும். அங்கே அழற்சி உண்டாகிறது. மிகச் சிறியவை இரத்தத்திலும் கலக்கின்றன. இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன, இரத்தம் உறையும் தன்மை கூடுகிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத்திணறல் வருகிறது. நீண்ட காலம் சுவாசித்தால் இதய நோய், பக்கவாதம், நுரையீரல் புற்றுநோய் ஆகியவற்றின் அபாயமும் உயர்கிறது.

ஓய்வாக இருக்கும்போது ஒரு நிமிடத்தில் 6 முதல் 8 லிட்டர் காற்றைச் சுவாசிக்கிறோம். கடுமையாக ஓடும்போது 50 லிட்டருக்கும் மேல் தேவைப்படும். அதிலும் வாயால் மூச்சு வாங்குவதால் மூக்கின் வடிகட்டியும் பயன்படாமல் போகிறது. ஆக, திடலில் ஆடும் அதே ஆட்டம்தான் உடலின் வெப்பத்தையும் நாம் உள்ளிழுக்கும் புகையின் அளவையும் ஒரே நேரத்தில் பெருக்குகிறது.

6 + 5 = 21?

வெப்பம், நுண்துகள் இரண்டும் இதயத்தையே தாக்குகின்றன என்பதைக் கவனித்தீர்களா? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இதை ஆராய்ந்தார்கள். 2014ஆம் ஆண்டு முதல் பதிவான இலட்சக்கணக்கான மரணங்களை, அந்தந்த நாளின் வெப்பத்தோடும் காற்றின் தரத்தோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கடும் வெப்பம் மட்டும் இருந்த நாள்களில் மரண அபாயம் சுமார் 6 விழுக்காடு கூடியிருந்தது. கடும் நுண்துகள் மாசு மட்டும் இருந்த நாள்களில் சுமார் 5 விழுக்காடு. இரண்டும் சேர்ந்த நாள்களில் 11 விழுக்காடு என்றுதானே நாம் கணக்கிடுவோம்? ஆய்வின் விடையோ சுமார் 21 விழுக்காடு. 2022ஆம் ஆண்டில் வெளிவந்த இந்த முடிவு, இரு ஆபத்துகளும் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன என்று காட்டுகிறது.

சன்னலைத் திறப்பதா, மூடுவதா?

வெயிலுக்குச் சன்னலைத் திறந்து காற்றோட்டம் வேண்டும். புகைக்குச் சன்னலை மூட வேண்டும். குளிர்சாதனம் உள்ள வீட்டில் இது பெரிய சிக்கல் இல்லை. குளிர்சாதனம் இல்லாத அடுக்குமாடி வீட்டில் தாத்தா பாட்டியோ கைக்குழந்தையோ இருந்தால்? அடர்ந்த புகை சூரிய ஒளியை ஓரளவு மறைப்பது உண்மைதான். ஆனால் மூடிய வீட்டுக்குள் சேரும் புழுக்கத்துக்கு அது மருந்தாகாது.

ஆகவே ஒரே எண்ணைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. வெப்பநிலை, காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மலேசிய வானிலை ஆய்வுத் துறை, தொடர்ந்து மூன்று நாள்களுக்கு உச்ச வெப்பநிலை 35 முதல் 37 டிகிரி வரை இருந்தால் எச்சரிக்கை நிலை என்கிறது. குறியீடு 101 முதல் 200 வரை இருந்தால் காற்று ‘ஆரோக்கியமற்றது’.

குறியீடு 100ஐத் தாண்டினால் சன்னலை மூடுங்கள். வெயில் விழும் பக்கத்தில் திரை போடுங்கள். மூடிய அறையிலும் மின்விசிறி வியர்வை ஆவியாக உதவும். ஈரத்துணியால் கை, கழுத்தைத் துடைக்கலாம். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் நீர் அருந்துங்கள். அந்த நாள்களில் ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவத்திச் சுருள் ஆகியவற்றைத் தவிர்ப்பது நல்லது. அவையும் நுண்துகள்களை உண்டாக்குபவைதான். குறியீடு இறங்கியதும், வெயில் தணிந்த நேரத்தில் சன்னலைத் திறந்துவிடுங்கள். அறையின் வெப்பம் தாங்க முடியாத அளவுக்குப் போனால், முதியவர்களைச் சில மணி நேரமாவது நூலகம், பேரங்காடி போன்ற குளிர்ந்த இடத்திற்கு அழைத்துச் செல்லுங்கள்.

வெளியே போகவேண்டியிருந்தால் என்95 முகக்கவசம் நுண்துகள்களை நன்கு வடிகட்டும். சாதாரணத் துணிக் கவசம் போதாது. ஆனால் என்95 அணிந்து ஓடக் கூடாது. யாருக்கேனும் வெப்பத் தாக்கு ஏற்பட்டால் உடனே 999ஐ அழையுங்கள். அவரை நிழலுக்குக் கொண்டுபோய், உடலை நனைத்து விசிறுங்கள். நினைவிழந்தவருக்கு வாயில் நீர் ஊற்றாதீர்கள்.

சுழற்சியை அறுப்பது

சதுப்பு நிலம் எரியும்போது, பல ஆயிரம் ஆண்டுகளாக மண்ணில் அடைபட்டிருந்த கார்பன் காற்றில் கலந்து பூமியை மேலும் சூடாக்குகிறது. சூடு கூடினால் நிலம் மேலும் காய்கிறது. காய்ந்த நிலம் மேலும் எளிதாகத் தீப்பிடிக்கிறது. இந்தச் சுழற்சியை அறுக்க ஒரு வழி, வெட்டிய கால்வாய்களை அடைத்து நிலத்தை மீண்டும் ஈரமாக்குவது. 2015ஆம் ஆண்டின் பெரும் தீக்குப் பிறகு இந்தோனேசியா இந்தப் பணிக்கெனத் தனி அமைப்பையே உருவாக்கியது. ஆசியான் நாடுகளும் எல்லை தாண்டிய புகைமூட்டம் குறித்து 2002இல் கோலாலம்பூரில் ஓர் உடன்பாடு செய்துகொண்டன.

மாணவர்களே, உங்கள் அறிவியல் கழகம் இன்றே ஒரு வேலையைத் தொடங்கலாம். பள்ளி அறிவிப்புப் பலகையில் நாள்தோறும் இரண்டு எண்களை எழுதுங்கள்: வெப்பநிலை, காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு. ஒரு மாதம் கழித்து இரண்டும் சேர்ந்து உயர்ந்த நாள்களுக்கு வட்டமிடுங்கள். அடுத்த வறட்சிக் காலத்தில் விளையாட்டுப் பயிற்சியை எந்த நேரத்திற்கு மாற்றுவது என்று ஆசிரியரிடம் பேச, அந்தப் பட்டியல் உங்களுக்குக் கைகொடுக்கும்.