ஹாங்கி டாங்க் மாதிரி நம்ம ஊர்ல என்ன இருக்கு?

"ஹாங்கி டாங்க் மாதிரி நம்ம ஊர்ல என்ன ப்ரோ இருக்கு?"னு கேட்டிருந்தீங்க. என் பதில் கானா. ஒரே ஒரு ஆல்பம் சொல்லச் சொன்னா, தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவோட 'மகிழ்ச்சி'.

முதல்ல ஹாங்கி டாங்க். 1930-களில் டெக்சாஸ் எண்ணெய் வயல் தொழிலாளிங்க கூடின மலிவான பார்களோட பேர் அது. அந்தக் கூச்சல்ல சாதா கிட்டார் எடுபடல. எர்னஸ்ட் டப் பாட்டு ஜூக்பாக்ஸ்ல கேக்கவே மாட்டேங்குதுன்னு புகார் வந்துச்சு. அவர் எலக்ட்ரிக் கிட்டார் சேர்த்தார். 1941-ல் வந்த 'வாக்கிங் தி ஃப்ளோர் ஓவர் யூ' பெரிய ஹிட். பாட்டு ஒலிச்ச இடமே அதோட சத்தத்தை முடிவு பண்ணிடுச்சு.

கானாவுக்கு அந்த இடம் வடசென்னைத் தெரு. சாவு வீட்ல ராத்திரி முழுக்கப் பாடுற மரண கானாவைக் கேட்டிருப்பீங்க. தெருவே கேக்கணும், அதனால தொண்டையைத் திறந்துதான் பாடணும்.

இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து இந்தப் பாடகர்களை ராக், ராப் ஆட்களோட ஒரே மேடையில் ஏத்தினாங்க. முதல் கச்சேரி 2018 ஜனவரியில், கீழ்ப்பாக்கத்தில். அறிவு, இசைவாணி எல்லாம் அதுல இருந்தவங்கதான். குழுவோட பேர், அயோத்திதாச பண்டிதர் சொன்ன 'சாதி பேதமற்ற தமிழர்' என்பதிலிருந்து வந்தது. எனக்கு இதுல பிடிச்சது, எலக்ட்ரிக் கிட்டார் வந்தும் சட்டியும் பறையும் பின்னால ஒதுங்கல.

பறைன்னதும் நான் ஆம்பூர்க்காரன்னு ஞாபகம் வந்துடும். எங்க ஊர்ல ஷூவுக்குப் போற தோலை, சுண்ணாம்புல ஊறவச்சு முடி எடுத்து, குரோம் உப்புல பதப்படுத்துவாங்க. நீல நிறமா வரும், அதுக்குப் பேர் 'வெட் ப்ளூ'. அது அழுகாது, மெத்துன்னு வளையும். ஆனா தட்டினா மொத்துன்னுதான் கேக்கும். பறைக்குப் பதப்படுத்தாத தோல்தான். ஈரமா இருக்கும்போதே மரச்சட்டத்துல இழுத்துக் கட்டி காய விடுவாங்க, காய்ஞ்சதும் விறைச்சுக்கும். காத்துல ஈரம் ஏறினா தொய்ஞ்சிடும். அதான் அடிக்கிறதுக்கு முன்னாடி நெருப்புல காட்டுறது. அதுதான் அவங்க டியூனிங்.

அந்த ஷூவை உலகமே போட்டுக்குது. தோலை உரிச்சவங்களையும் பறையடிச்சவங்களையும் மட்டும் ஊர் தள்ளி நிறுத்துச்சு. இந்தக் குழு மாட்டுக்கறியைப் பத்தியே ஒரு பாட்டு பாடினது ஏன்னு இதுலயே புரியும்.

2022 மே மாசம் ஆம்பூர்ல பிரியாணித் திருவிழா அறிவிச்சாங்க. மாட்டுக்கறி பிரியாணிக்கு மட்டும் இடமில்லைன்னாங்க. ஆம்பூர்ல! எதிர்ப்பு கிளம்பினதும், மழையைக் காரணம் சொல்லி விழாவையே தள்ளி வச்சுட்டாங்க. அந்த வாரம் வீட்ல அந்தப் பாட்டை ஸ்பீக்கர்ல போட்டேன். "பக்கத்து வீட்டுக்குக் கேக்கும், ஹெட்ஃபோன்ல கேளுடா"ன்னாங்க அம்மா. அடுப்புல அன்னிக்கும் மாட்டுக்கறிதான் வெந்துட்டு இருந்துச்சு.