சுவரோரப் பெட்டிகள் – 9: விளக்கு வைக்கிற நேரத்துச் சிவப்பு

மேச்சேரி என்றதும் வெளியூர்க்காரர்களுக்குப் பத்ரகாளியம்மன் கோயில் நினைவுக்கு வரும். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்களுக்குக் கொம்பில்லாத அந்தச் செம்பழுப்பு ஆடு. எனக்கு இனிமேல் அக்கா வீட்டுப் பின்னறை ஜன்னல்தான்.

ஆடிப் பண்டிகைக்குப் போயிருந்தேன். சாயங்காலம் ஆறு, ஆறேகால் இருக்கும். செல்போனில் மூழ்கியிருந்த மருமகன் "நெட் போச்சு" என்று கத்தினான். வீட்டில் யாரும் அசரவில்லை. "ஆறு மணி ஆச்சுல்ல, போவும்" என்றாள் அக்கா, கரண்ட் போகிற நேரத்தைச் சொல்வது போல. மாமா எழுந்து போய் ரௌட்டர் சுவிட்சை அணைத்து, பத்து எண்ணி, மறுபடி போட்டார். வரவில்லை. காலையில் தானாக வந்துவிடுமாம். இருபது நாளாக இதே கதை.

காரணத்தையும் தயாராக வைத்திருந்தார்கள்: ஆடிக் காற்று. அம்மியே பறக்கும்போது கம்பத்து ஒயர் எம்மாத்திரம்! கேபிள்காரத் தம்பி இரண்டு தடவை வந்து பார்த்திருக்கிறார். "மீட்டர்ல மைனஸ் இருபத்தொண்ணு காட்டுதுங்கக்கா, லைன் சுத்தமா இருக்குது. ரௌட்டர்தான் போயிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். புதுப் பெட்டி வாங்கலாமா என்று மாமா யோசித்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில்தான் நம்மில் முக்கால்வாசிப் பேர் தடுமாறுகிறோம். நெட் போனதும் கை நேராகச் சுவிட்சுக்குப் போகிறது. அணைத்துப் போட்டால் சில கோளாறுகள் சரியாகும், உண்மைதான். ஆனால் அந்த நொடியில் பெட்டி எதைக் காட்டிக்கொண்டிருந்ததோ அது அழிந்துவிடும். வைத்தியர் வருவதற்குள் நோயாளியின் முகத்தைக் கழுவிப் பவுடர் போட்டு உட்காரவைப்பது மாதிரி. முதலில் விளக்குகளைப் பாருங்கள். முடிந்தால் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபைபர் இணைப்புப் பெட்டியில் பார்க்க வேண்டியவை மூன்று. எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக மின்னினால், வெளியிலிருந்து போதுமான ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். ஒயர் அறுந்திருக்கலாம், மடங்கியிருக்கலாம், கனெக்டரில் தூசி இருக்கலாம். சுவிட்சை நூறு தடவை தட்டினாலும் அது அணையாது. பான் விளக்கு நிலைக்காமல் மினுக்கிக்கொண்டே இருந்தால், ஒளி வருகிறது, ஆனால் எதிர்முனை இந்தப் பெட்டியைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பான் நிலையாக எரிந்து, இன்டர்நெட் விளக்கு மட்டும் எரியவில்லையா? ஒயரைக் குறை சொல்லாதீர்கள். ரீசார்ஜ் முடிந்திருக்கும், அல்லது பெட்டிக்குள் பதிந்திருக்கும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கலைந்திருக்கும். பின்பக்கச் சின்னத் துளையில் ஊக்கைவிட்டுக் குத்துகிறவர்கள் கலைப்பது அதைத்தான். அது சுவிட்சு அல்ல. மொத்தத்தையும் துடைக்கும் பொத்தான். எந்த வீட்டிலும் அந்தத் துளையைக் கண்டால் சும்மா இருக்க முடியாத ஒருவர் இருக்கிறார்.

எல்லா விளக்கும் ஒழுங்காக எரிந்தும் நெட் வரவில்லையென்றால் வைஃபையைச் சந்தேகிக்கலாம். கணினியை லேன் ஒயரில் நேராகச் சொருகி 'பிங்' கட்டளை போட்டுப் பாருங்கள். முதலில் பெட்டியின் முகவரிக்கு, பிறகு வெளியே இருக்கும் 8.8.8.8 என்ற முகவரிக்கு, கடைசியில் ஏதாவது ஒரு தளத்தின் பெயருக்கு. எந்தப் படியில் பதில் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதிய குட்டி நிரல் அது. இன்றைக்கும் அதைவிடச் சுருக்கமான சோதனை கிடையாது.

அக்கா வீட்டில் அவ்வளவு தூரம் போகவேண்டியிருக்கவில்லை. பெட்டி உயிர்பெற்ற சில நொடிகளில் எல்.ஓ.எஸ். சிவப்பாக மின்னியது. ரௌட்டர் நிரபராதி. பிறகு அந்த மைனஸ் இருபத்தொன்று?

அந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மைனஸுக்குப் பின்னால் வருவது டெசிபல் கணக்கு; அந்த எண் ஏற ஏற ஒளி குறைகிறது. மூன்று ஏறினால் ஒளி பாதி. பத்து ஏறினால் பத்தில் ஒரு பங்கு. மைனஸ் 20 என்றால் ஒரு மில்லிவாட்டில் நூறில் ஒரு பங்கு. அது தாராளம். பொதுவாக மைனஸ் 27 வரை பெட்டி தாக்குப்பிடிக்கும், அதற்குக் கீழே தடுமாறும். ஒரே இழையை 32 வீட்டுக்குப் பிரித்தால் பிரிப்பதிலேயே 17 டெசிபல் போய்விடுகிறது என்பதால் மிச்சம் எப்போதும் கொஞ்சம்தான். ஆக, தம்பியின் மீட்டர் பொய் சொல்லவில்லை. அவர் வந்ததெல்லாம் பகல் பதினொரு மணிக்கு.

நேரம் தவறாமல் வரும் கோளாறு என்றதும் எனக்கு அபர்ஹோசன் ஞாபகம் வந்தது. பிரிட்டனின் வேல்ஸில் ஒரு சிற்றூர். பதினெட்டு மாதமாகத் தினமும் காலை ஏழு மணிக்கு ஊர் முழுக்க பிராட்பேண்ட் படுத்துவிடும். ஒயர்களை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. கடைசியில் பொறியாளர்கள் விடியற்காலை மழையில் கருவியோடு தெருத்தெருவாக நடந்து, ஒரு வீட்டின் பழைய டிவியைக் கண்டுபிடித்தார்கள். அதைப் போட்டதும் கிளம்பிய மின் இரைச்சல் ஊரையே முடக்கியிருக்கிறது. 2020 செப்டம்பரில் இது செய்தியானது. அங்கே இருந்தது செப்புக் கம்பி. கண்ணாடி இழையை டிவியும் மிக்ஸியும் ஒன்றும் செய்யாது. அப்படியானால் மேச்சேரியில் ஆறு மணிக்கு எது?

"நாளைக்கு ஆறு மணிக்கு வாங்க தம்பி" என்று போன் போட்டேன். "அந்நேரத்துக்கா?" என்று இழுத்தார். ஆனாலும் வந்தார்.

ஐந்தே முக்காலுக்கு மீட்டரைச் சொருகினார். மைனஸ் 21. வெளியே காற்று சுழற்றி அடித்தது, கம்பத்தில் ஒயர் ஊஞ்சலாடியது. எண் அசையவில்லை. அக்கா முகம் கழுவி வந்தாள். வாசல் கதவை அகலத் திறந்துவைத்துவிட்டுப் பின்கட்டுக் கதவைச் சாத்தினாள். விளக்கு வைக்கும்போது அதுதானே வழக்கம். கொசுவுக்காகப் பின்னறை ஜன்னலையும் இழுத்துச் சாத்தித் தாழ் போட்டாள்.

மைனஸ் 29.

தம்பி ஜன்னலையே பார்த்தார். புதுப் பெயிண்ட் அடித்த சுவரில் ஓட்டை போடக் கூடாது என்று இணைப்புக் கொடுத்த அன்றைக்கு மாமா சொல்லிவிட்டதால், ஒயர் ஜன்னல் சந்து வழியாக உள்ளே வந்திருக்கிறது. ஆடிச் சாரலில் மரக்கதவு ஊதி, தாழ் போட்டதும் ஒயரை நெரிக்கிறது. ஒளி இழைக்குள் சுவரில் பட்டுப்பட்டுத் திரும்பித்தான் ஓடுகிறது. வளைவு கூர்மையானால் திரும்பாமல் வெளியே கசிந்துவிடும். பழைய வகை இழையை 3 செ.மீ. ஆரத்துக்குக் கீழே வளைக்கக் கூடாது. வீடுகளுக்கென்று வந்த புது வகை 1 செ.மீ. வரை தாங்கும். கதவிடுக்கை எதுவும் தாங்காது.

அந்த எட்டு டெசிபலை நினைத்துப் பாருங்கள். 1966-இல் சார்லஸ் காவ் என்ற விஞ்ஞானி, கிலோமீட்டருக்கு 20 டெசிபல் இழப்பில் கண்ணாடி செய்ய முடிந்தால் ஒளியில் பேசலாம் என்றார். அதற்கு 2009-இல் நோபல் கொடுத்தார்கள். இன்றைய இழையில் கிலோமீட்டருக்குக் கால் டெசிபல்தான் போகிறது. அப்படியென்றால் அக்கா ஜன்னலைச் சாத்துவது, முப்பது கிலோமீட்டருக்கு மேல் கூடுதலாக ஒயர் இழுப்பதற்குச் சமம். ஓமலூரைத் தாண்டிச் சேலத்தை நெருங்கிவிடலாம்.

நெரிந்த துண்டை வெட்டி எறிந்து புதுக் கனெக்டர் போட வேண்டும். அறுந்த முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கப் போன மருமகனைத் தம்பி அதட்டி விலக்கினார். அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்கு ஆகாது.

"ஒயர வேற வழியா கொண்டாரணுங்க மாமா. சுவத்துல ஒரு ஓட்ட போட்டுத்தான் ஆவணும்."

மாமா பெயிண்டைத் தடவிப் பார்த்தார். நெடுநேரம் நின்றார். பிறகு தினசரிக் காலண்டரைக் கழற்றி, அது தொங்கிய இடத்தைக் காட்டினார்.

"இங்க போடுப்பா. சின்னதா போடு."

(தொடரும்)