மலைநாட்டில் பெருமழையை முன்னறிதல்



மத்திய, சப்பிரகமுவ, ஊவா மாகாணங்களின் சில இடங்களில் 100 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட பலத்த மழை பெய்யக்கூடும் என்னும் போக்கில் அமைந்த அறிவித்தல்களை மாரிக்காலத்தில் நீங்கள் பலமுறை செவிமடுத்திருப்பீர்கள். அட்டனை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்துகொண்டு இதனைக் கேட்கும் ஒருவருடைய உள்ளத்தில் சில வினாக்கள் எழுவது இயல்பு. அந்தச் 'சில இடங்கள்' எவை? எங்கள் லயம் அவற்றுள் ஒன்றோ? நூறு மில்லிமீற்றர் என்பது எவ்வளவு? இன்றிரவு நிம்மதியாக உறங்கலாமா, அன்றிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு புறப்பட வேண்டுமா? இவ்வினாக்களுக்கு அறிவியல் எந்த அளவுக்கு விடை கூறும், எஞ்சிய விடையை நாம் எங்கே தேடவேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருளாகும்.

முதலில் அளவைப் பார்ப்போம். பெய்த மழை ஓடாமலும் ஊறாமலும் நிலத்தின்மேல் அப்படியே தேங்கி நின்றால் எவ்வளவு உயரம் நிற்குமோ அதுவே மழைவீழ்ச்சியின் அளவு. 100 மில்லிமீற்றர் என்பது ஏறக்குறைய 4 அங்குலம். கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றும் இவ்வளவு, ஓர் ஏக்கர் நிலத்தில் பெய்தால் அந்நீரின் நிறை ஏறத்தாழ 400 தொன் ஆகும். ஒரே நாளில் ஓர் ஏக்கர்ச் சரிவின் மீது இத்தனை பாரம் இறங்குகிறது என்று எண்ணிப் பார்த்தால், அறிவித்தலில் வரும் அந்த எண்ணின் பொருள் விளங்கும்.

இனி, மழை ஏன் மலையை நாடி வருகிறது என்பதைக் காண்போம். கடலின் மேலே ஈரத்தைச் சுமந்துவரும் காற்று மலையால் தடுக்கப்படும்போது மேலே ஏறுகிறது. ஏறும் காற்று விரிவடைந்து குளிர்கிறது. முகில் உருவாகும்வரை ஒவ்வொரு நூறு மீற்றர் உயர்வுக்கும் ஏறத்தாழ ஒரு பாகை செல்சியசு வீதம் அதன் வெப்பம் குறைகிறது. குளிர்ந்த காற்று முன்போல் ஈரத்தைத் தாங்க மாட்டாது. ஆகவே அது முகிலாகி மழையாகிறது. மலையைத் தாண்டி மறுபுறம் இறங்கும்போது அக்காற்று மீண்டும் வெப்பமடைந்து வரண்டு போகிறது. ஒருபுறம் பெருமழை பெய்ய மறுபுறம் வெயில் காய்வது இதனாலேயே.

தென்மேல் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் கினிகத்தேனை, வட்டவளை, நோர்வூட், மஸ்கெலியா ஆகிய மேற்குப் பக்கத்து ஊர்கள் நனைந்துகொண்டே இருக்கும். அதே வேளையில் வலப்பனையும் வெலிமடையும் மழைக்கு ஏங்கும். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்க் காற்று வீசும்போது நிலைமை தலைகீழாகும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலங்களிலே, குறிப்பாக ஒக்டோபர், நவம்பர் மாதங்களில், பிற்பகல் இடிமழையும் வங்காள விரிகுடாவில் தோன்றும் தாழமுக்கங்களும் இருபுறத்தையும் நனைப்பதுண்டு. வட்டவளையில் ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. நுவரெலியாவிலோ 2,000 மில்லிமீற்றர் அளவிலேயே பெய்கிறது. இவ்விரு ஊர்களுக்கும் இடையே உள்ள நேர்த்தொலைவு 30 கிலோமீற்றர்கூட இல்லை.

முன்னறிவிப்போரின் இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகிறது. கொழும்பிலுள்ள வளிமண்டலவியல் திணைக்களத்தினர் செய்மதிப் படங்களைப் பார்க்கின்றனர். பூமத்திய கோட்டுக்கு மேலே நிலைத்து நிற்கும் யப்பானிய செய்மதி பத்து நிமிடத்துக்கு ஒரு முறை முகிற்படம் அனுப்புகிறது. பலூன்களில் கருவிகளைக் கட்டி மேலே அனுப்பி, உயர்வளியின் வெப்பத்தையும் ஈரத்தையும் காற்றின் வேகத்தையும் அறிகின்றனர். இவற்றையெல்லாம் பெருங்கணினிகள் கணித்து, அடுத்த சில நாட்களில் காற்றும் முகிலும் எவ்வாறு நகரும் என்று கூறுகின்றன. தாழமுக்கமொன்று தீவை நெருங்குகிறதா, எந்த மாகாணத்தில் மழை மிகும் என்பனவற்றை இரண்டு மூன்று நாட்களுக்கு முன்னரே இவ்வழியில் பெரும்பாலும் அறியலாம்.

ஆனால், அக்கணிப்பு நிலப்பரப்பைக் கட்டங்கட்டமாகப் பிரித்தே செய்யப்படுகிறது. ஒரு கட்டம் பல கிலோமீற்றர் அகலமுடையது. அதற்குள்ளே ஒரு மலைமுகடு, இரண்டு பள்ளத்தாக்கு, ஓர் ஆறு, நான்கு தோட்டம் அடங்கிவிடும். அடுத்தடுத்த இரண்டு பள்ளத்தாக்குகளில் ஒன்றிலே கொட்டி மற்றொன்றிலே தூறும் மழையை அக்கணிப்பால் பிரித்துரைக்க இயலாது. மழையைத் தேடிக் காணும் ராடார்க் கருவியின் கதிரையும் மலை மறித்துவிடும். ஆதலின் 'சில இடங்களில்' என்று கூறுவது பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் பேச்சன்று. அறிந்த எல்லைக்குள் நின்று கூறும் நேர்மையான சொல். அந்தச் சில இடங்களுள் நம்முடைய இடமும் ஒன்றா என்பதை அறிவதற்கு, நம்முடைய இடத்திலேயே மழையை அளந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

தோட்டங்களுக்கு இது புதிய செயலன்று. வெள்ளைத் துரைமார் காலந்தொட்டே பல தோட்டங்களில் மழைமானி வைத்து, காலைதோறும் அளந்து, ஏட்டிலே குறித்து வந்திருக்கின்றனர். 1925 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையமும் தலவாக்கலையில் வானிலைப் பதிவுகளைப் பேணி வருகிறது. அக்காலத்தில் இவ்வளவைகள் கொழுந்தின் விளைச்சலைக் கணிக்கவே பெரிதும் பயன்பட்டன. உயிரைக் காப்பதற்கும் அதே மானி உதவும் என்பதை நாம் பிற்காலத்திலேதான் உணர்ந்தோம்.

மண்சரிவு பற்றிய ஆய்வும் அறிவித்தலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளன. 1990 ஆம் ஆண்டில் அந்நிறுவனம் மண்சரிவு அபாய வரைபடங்களை வரையத் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்டவை பதுளை, நுவரெலியா மாவட்டங்களே. அது வகுத்துள்ள அளவுகளை ஒவ்வொரு வீட்டினரும் மனத்தில் இருத்துதல் வேண்டும். 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டி மேலும் பெய்யுமாயின் மஞ்சள் நிலை: விழிப்பாயிருக்க வேண்டும். 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் செம்மஞ்சள் நிலை: புறப்பட ஆயத்தமாக வேண்டும். 150 மில்லிமீற்றரைத் தாண்டினாலோ, ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினாலோ சிவப்பு நிலை: சரிவை விட்டு வெளியேறிவிட வேண்டும்.

இவ்வளவுகள் எதனைக் கொண்டு வகுக்கப்பட்டன என்று வினவலாம். சரிவிலுள்ள மண் தன் துணிக்கைகளிடையே உள்ள உராய்வாலும் பிணைப்பாலும் நிற்கிறது. மழைநீர் ஊறி இடைவெளிகளை நிரப்பும்போது, அந்நீரின் அமுக்கம் துணிக்கைகளை ஒன்றைவிட்டு ஒன்று விலக்கித் தள்ளுகிறது. பாரம் கூடுகிறது, பிடிப்புக் குறைகிறது. ஒரு கட்டத்தில் சரிவு முழுவதும் வழுக்கி இறங்குகிறது. முன்னைய மழையால் மண் ஏற்கெனவே ஊறியிருந்தால் சிறிய மழையே போதுமானதாகிவிடும். ஆகவே, பத்து நாள் தொடர்ந்து மழை பெய்த பின்னர், 'இன்று எழுபத்தைந்தை எட்டவில்லையே' என்று எவரும் அமைதியடைதல் கூடாது. மழை விட்ட பின்னரும் சரிவு இறங்குவதுண்டு என்பதையும் மறத்தலாகாது.

அளவுகளோடு அறிகுறிகளையும் கவனித்தல் வேண்டும். நிலத்திலும் சுவரிலும் புதிய வெடிப்புத் தோன்றுதல், கதவும் யன்னலும் திடீரென இறுகுதல், மரங்களும் மின்கம்பங்களும் சாய்தல், எப்போதும் ஊறும் ஊற்று வற்றுதல் அல்லது புதிய இடத்திலே சேற்று நீர் பீறிடுதல், ஓடையில் வந்துகொண்டிருந்த நீர் திடீரெனக் குறைந்து போதல் ஆகியவை நிலம் அசையத் தொடங்கியதன் அடையாளங்கள். தேயிலை மலைகளில் முன்னோர் வெட்டிய கான்கள் தூர்ந்துபோய், வழிந்தோட வேண்டிய நீர் சரிவுக்குள்ளேயே இறங்குமிடங்களில் ஆபத்து இன்னும் மிகுதி.

மலையிலே பெய்வது மலையோடு நின்றுவிடுவதில்லை. அட்டன் மேட்டுநிலம் இரு பேராறுகளின் நீர் பிரியும் இடமாகும். ஒருபுறம் விழும் துளி கெஹெல்கமு ஓயா வழியாகக் களனியிற் கலந்து கொழும்பை அடையும். மறுபுறம் விழும் துளி மகாவலியோடு சென்று திருகோணமலைக் கடலை அடையும். நானுஓயா, கொத்மலை ஓயா போன்ற மலையாறுகள் சில மணி நேரத்திலேயே பொங்கிக் கரையோர வீடுகளுள் புகக்கூடியவை. காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை, மேல் கொத்மலை போன்ற நீர்த்தேக்கங்கள் நிரம்பும்போது வான் பாய்தலும் வான்கதவுகள் திறக்கப்படுதலும் உண்டு. அத்தகைய அறிவித்தலைக் கேட்ட பின்னர் கீழேயுள்ள ஆற்றில் குளிக்கவோ துவைக்கவோ இறங்குதல் ஆகாது. நீர்ப்பாசனத் திணைக்களம் நோர்வூட், கித்துல்கல முதலிய இடங்களில் ஆற்றுநீர் மட்டத்தை அளந்து கீழ்நாட்டாருக்கு வெள்ள எச்சரிக்கை வழங்குகிறது. 2016 ஆம் ஆண்டு மே மாதத்தில் அரநாயக்கவில் மலை சரிந்து ஊர்களை மூடிய அதே நாட்களில், களனிக் கரையில் கொழும்பின் புறநகர்களும் நீரில் மூழ்கின. மழை ஒன்றுதான், மேலே அது மண்ணைச் சரித்தது, கீழே வெள்ளமாய்ப் பரந்தது.

இவ்வளவும் அறிந்திருந்தும் உயிர்கள் ஏன் போகின்றன? இதற்கு விடை வேண்டுமாயின் மீரியபெத்தையை நினைத்தல் வேண்டும். பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையை அடுத்த அத்தோட்டத்தின் லயன்கள் 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் நாள் காலையில் மண்ணுள் புதையுண்டன. முப்பதுக்கு மேற்பட்டோர் மடிந்தனர் அல்லது காணாமற் போயினர். அவ்விடம் அபாயமானது என்று 2005 ஆம் ஆண்டிலும் 2011 ஆம் ஆண்டிலும் நிபுணர்கள் சுட்டிக்காட்டியிருந்தனர். ஆகவே அங்கே அறிவியல் தவறவில்லை. முன்னறிவும் இல்லாமற் போகவில்லை. வெளியேறு என்ற சொல்லுக்குப் பின்னே, எங்கே செல்வது என்ற வினாவுக்கு விடை இல்லாதிருந்தது. லயன் காம்பராவும் அது நிற்கும் நிலமும் தமக்குச் சொந்தமல்லாத மக்களுக்கு, வேறிடத்தில் ஒரு துண்டு நிலமும் கூரையும் உறுதியாகும்வரை எச்சரிக்கை என்பது பாதிச் சொல்லாகவே நின்றுவிடும்.

மற்றொரு பாடத்தை 2025 ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி கற்பித்தது. தீவெங்கும் 600 இற்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். கண்டி, நுவரெலியா, பதுளை ஆகிய மலை மாவட்டங்களில் இழப்பு மிகுந்தது. வீதிகள் துண்டிக்கப்பட்டன; மின்சாரமும் தொலைபேசியும் பல இடங்களில் செயலிழந்தன. எச்சரிக்கைகள் தமிழில் உரிய வேளையில் கிடைக்கவில்லை என்ற குறையும் பரவலாகப் பேசப்பட்டது. நள்ளிரவில் வரும் சிவப்பு அறிவித்தல், அதைக் கேட்போரின் தாய்மொழியில், ஒருமுறை கேட்டதும் விளங்கும் சொற்களில் அமையாவிடின், சரியான கணிப்பும் பயனற்றுப் போகும். நிலம் வழங்குவதும் மொழியைப் பேணுவதும் அரசினதும் தோட்ட நிருவாகத்தினதும் கடமை. அவற்றை இடைவிடாது கேட்டுப் பெறுவது நம் கடமை.

அதுவரை நாம் கைகட்டி இருத்தலாகாது. மேலும் கீழும் ஒரே அகலமுடைய, தட்டையான அடியுள்ள ஒரு தகரக் குவளையும், மாணவரின் அடிமட்டமும் இருந்தால் மழையை அளக்கலாம். மரத்துக்கும் கூரைக்கும் எட்ட, திறந்த வெளியில் குவளையைச் சாயாமல் நிறுத்தி, நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு அதில் நிற்கும் நீரின் உயரத்தை மில்லிமீற்றரிற் குறிக்க வேண்டும். பெருமழை நாட்களில் மணிக்கொரு முறை பார்த்தல் நன்று. ஒவ்வொரு தோட்டப் பாடசாலையிலும் மேல்வகுப்பு மாணவர் இப்பணியை ஏற்று, அன்றைய அளவைப் பெரட்டுக்களத்திலும் கோயிலிலும் எழுதி வைக்கலாம். அளவு 75 ஐத் தாண்டிய நாளில் எந்த லயத்தார் முதலில் வெளியேறுவது, முதியோரையும் கைக்குழந்தைகளையும் யார் அழைத்துச் செல்வது, எந்த வழி செல்வது, எங்கே தங்குவது என்பவற்றை வெயில் நாளிலேயே பேசி முடிவுசெய்ய வேண்டும். தங்குமிடமாகக் கொள்ளும் பாடசாலையோ கோயிலோ தானும் அபாயச் சரிவில் நிற்கவில்லை என்பதை முன்கூட்டியே உறுதிசெய்தல் வேண்டும். மின்கலத்தில் இயங்கும் சிறு வானொலி ஒன்று லயத்துக்கு ஒன்றாயினும் இருத்தல் நலம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசரத் தொலைபேசி இலக்கம் 117 என்பதைப் பிள்ளைகளும் மனனஞ் செய்திருக்க வேண்டும்.

நேயர்களே, வானத்தைப் பார்த்து மாகாணத்தின் மழையைச் சொல்ல வல்லவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள். நம் சரிவின் மழையை அளந்து சொல்ல வல்லவர்கள் அச்சரிவிலே வாழும் நாமே. வெளியேறிய இரவில் மலை சரியாது போனால், வீண் அலைச்சல் என்று எவரும் நொந்துகொள்ள வேண்டாம். மறுநாட் காலையில் பிள்ளைகள் எல்லோரும் பாடசாலைக்கு வந்து பெயர் கூப்பிடும்போது மறுமொழி சொல்வார்களாயின், அந்த அலைச்சலுக்கு அதுவே போதிய பயன்.